கமக்காரரும் கண் பாதுகாப்பும்

நெற்செய்கையிலும் காய்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ளோர் வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவி வைப்பர். தெளிகருவியைத் துடைத்து வைப்பர். உழவு இயந்திரத்தின் ஓசை சிறிது மாறினாலும் அன்றே அதைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு செல்வர். ஆனால், கண்ணில் ஒரு துரும்பு விழுந்தால் அதைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வதே பெரும்பாலோர் வழக்கமாகும். அரிவுவெட்டுக் காலத்தில் ஒரு நாட் கூலியும் ஒரு நாள் வெயிலும் பெரிதாகத் தோன்றுதல் இயல்பே. எனினும், அந்த ஒரு நாளைச் சேமிப்பதற்காக ஒரு கண்ணையே இழந்தவர்கள் நெல் விளையும் நாடுகள் அனைத்திலும் உளர்.

கண்ணிலும் இமையிலும் உண்டாகும் எல்லாத் துன்பங்களும் ஆபத்தானவை அல்ல. சில வீட்டிலேயே ஆறும். சில அடுத்த கிழமை வைத்தியரைக் காணும்வரை பொறுக்கும். சில அன்று மாலை வரையிலும் பொறுக்கமாட்டா. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தி அறிவதே கமக்காரருக்கு வேண்டிய அறிவாகும். அதை விளக்குதலே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம்.

கண்ணின் முன்பக்கம்

கண்ணின் கரிய பகுதிக்கு மேலே, மணிக்கூட்டின் கண்ணாடியைப் போலத் தெளிந்த ஒரு படலம் உண்டு. இதனைக் கருவிழிப் படலம் எனலாம். இதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஒளி இதனூடாகவே கண்ணுக்குள் நுழைகின்றது. ஒளி தடையின்றிச் செல்லவேண்டியிருத்தலால் இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே, கை கால்களில் உண்டாகும் காயத்தைப் போல இங்கு உண்டாகும் ஆழ்ந்த காயம் எளிதில் ஆறுவதில்லை. ஆறினாலும் அவ்விடத்தில் வெண்மையான தழும்பு நிலைத்துவிடும். கண்ணிற் பூ விழுந்தது என்று மக்கள் கூறுவது இத்தழும்பையே. பூ கண்மணிக்கு நேரே விழுமாயின் பார்வை மறைந்துவிடும்.

மேலோட்டமான சிறு கீறலோ ஒன்று முதல் மூன்று நாட்களுள் தழும்பின்றி ஆறக்கூடியது. அக்கீறலிற் கிருமி குடிபுகாமற் காப்பதே முதற் கடமை.

நெற்கூரும் சுணையும்

அரிவுவெட்டின்போதும், சூடடிக்கும்போதும், நெல்லைத் தூற்றும்போதும் நெற்கூர், சுணை, உமி, பதர், தாளின் நுனி ஆகியவை கண்ணிற் படுகின்றன. அறுவடை இயந்திரம் வந்த பின்னரும் இவ்வாபத்து நீங்கவில்லை. இயந்திரத்தின் பின்னாலும், சாக்குப் பிடிக்குமிடத்திலும், நெல்லைக் காயவிடும் களத்திலும் தூசி பறந்துகொண்டே இருக்கின்றது. காய்கறித் தோட்டத்திலோ பந்தற் கம்பின் நுனி, பயற்றங்கொடி, மிளகாய்ச் செடியின் கிளை ஆகியவை குனிந்து வேலைசெய்வோரின் கண்ணிற் குத்துகின்றன.

இவ்வாறு பயிரின் உறுப்பொன்று கண்ணைக் கீறும்போது கீறலுடன் பங்கசும் உட்புகலாம். பங்கசு என்பது பூஞ்சண இனமாகும். பியூசேரியம், அஸ்பெர்கில்லஸ் என்னும் பங்கசுகள் மண்ணிலும் உக்கிய தாளிலும் இயல்பாகவே வாழ்கின்றன. தக்காளியிலும் வாழையிலும் வாடல் நோயை உண்டாக்குவனவும் பியூசேரியம் இனத்தைச் சேர்ந்தவையே. செடியின் காயத்தினூடாக உட்புகுந்து அதனை வாட்டுவது போலவே, இவ்வினப் பங்கசுகள் கண்ணின் கீறலினூடாக உட்புகுந்து கருவிழிப் படலத்திற் புண்ணை உண்டாக்குகின்றன.

இப்புண்ணின் கொடுமை அதன் மெதுவான வளர்ச்சியிலேயே இருக்கின்றது. துரும்பு பட்ட அன்று உறுத்தலும் நீர்வடிதலும் இருக்கும். மறுநாள் சிறிது குறைந்தது போலத் தோன்றும். கமக்காரர் கண் சுகமாயிற்று என்று எண்ணி வயலுக்குச் செல்வார். சில நாட்களின் பின்னர் கண் மீண்டும் சிவந்து, வெளிச்சத்தைக் காணக் கூசும், வலி கூடும், கருவிழியின்மேல் சாம்பல் நிறமான அல்லது வெண்மையான ஒரு புள்ளி தோன்றும். அப்போது நோய் வேரூன்றிவிட்டது என்பதே பொருள். அதன் பின்னர் பங்கசை அழிக்கும் துளிமருந்தைப் பல கிழமைகள் விடவேண்டியிருக்கும். அவ்வாறு செய்தும் சிலருக்குக் கண்ணிற் பூ எஞ்சிவிடும். சிலருக்குப் படலம் துளைபட்டுக் கண்ணே அழிந்துவிடும்.

காலத்தின் அருமை

கண்ணிற் கீறல் பட்டோர் விரைந்து சிகிச்சை பெறுவதால் விளையும் நன்மையை நேபாளத்திற் செய்யப்பட்ட ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகின்றது. பக்தபூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடாத்தப்பட்ட இவ்வாய்வின் முடிவுகள் 2001 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்கள் கண்ணைச் சோதித்து, கருவிழிப் படலத்திற் கீறல் உண்டாயிருந்த 442 பேருக்குக் கிருமியை அழிக்கும் களிம்பை நாளொன்றுக்கு 3 முறையாக 3 நாட்களுக்கு இட்டனர். இவர்களுள் 424 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 96 பேருக்கு, கீறல் புண்ணாகாமல் ஆறிற்று.

இவ்வாய்விலிருந்து கமக்காரர் மனத்தில் இருத்தவேண்டியது ஒன்றுண்டு. காயம் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் சிகிச்சை தொடங்கப்பெற்றோருள் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. ஒரு நாள் முழுவதும் கடந்த பின்னர் வந்தோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் புண் உண்டாயிற்று. காயம் ஒன்றே, மருந்தும் ஒன்றே, வேறுபட்டது காலம் மட்டுமே. காலை 10 மணிக்குக் கண்ணிற் கூர் பட்டவர் அன்று மாலைக்குள் வைத்தியசாலைக்குச் செல்வாராயின் காலம் அவர் பக்கத்தில் இருக்கின்றது. சூடடித்து முடிந்த பின்னர் பார்க்கலாம் என்று மூன்று நாள் பொறுப்பாராயின் காலம் பங்கசின் பக்கத்தில் இருக்கின்றது.

கண்ணில் துரும்பு விழுந்தவுடன் செய்யவேண்டியவை

முதலாவதாக, கண்ணைக் கசக்குதல் கூடாது. கசக்கும்போது துரும்பு கருவிழியின்மேல் அரைபட்டு, சிறு கீறல் பெருங் கீறலாகும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே கண்ணருகே கொண்டு செல்லல் வேண்டும்.

இரண்டாவதாக, சுத்தமான நீரினாற் கண்ணைக் கழுவுக. குடிப்பதற்குக் கொண்டு சென்ற கொதித்தாறிய நீர் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு கிண்ணத்தில் நீரை நிரப்பி, முகத்தைத் தாழ்த்திக் கண்ணை நீருக்குள் வைத்துப் பலமுறை இமைக்கலாம். அல்லது மற்றொருவர் மெதுவாக நீரை ஊற்றலாம். வாய்க்கால் நீரும் வயல் நீரும் இதற்குத் தகாதவை.

மூன்றாவதாக, துரும்பு இமையின் உட்புறத்திலோ வெள்ளை விழியிலோ தளர்ந்த நிலையிற் காணப்பட்டால், நனைத்த சுத்தமான பஞ்சினால் மெதுவாக ஒற்றி எடுக்கலாம். கருவிழியின்மேல் ஒட்டியிருப்பதை எவரும் வீட்டில் எடுக்க முயலல் ஆகாது.

கழுவிய பின்னர் உறுத்தல் முற்றாக நீங்கிப் பார்வையும் முன்போலத் தெளிவாக இருந்தால் அச்சமில்லை. ஆயினும், அடுத்த சில நாட்களுக்குக் கண்ணைக் கவனித்து வருதல் வேண்டும். ஒரு மணித்தியாலத்தின் பின்னரும் உறுத்தலோ, வலியோ, நீர்வடிதலோ, கூச்சமோ நீடித்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. அங்கே ஒருவகைச் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியிற் பார்ப்பர். கீறலிருந்தால் அவ்விடம் பச்சையாக மிளிரும். இச்சோதனை சில நிமிடங்களில் முடிவது, நோவற்றது.

செய்யத்தகாதவை

கண்ணிற் பட்ட துரும்பை நாக்கினால் எடுத்தல், புல்லினாலோ தலைமயிரினாலோ சேலைத் தலைப்பினாலோ துடைத்தெடுத்தல் ஆகியன கீறலுக்குள் மேலும் கிருமியைச் சேர்க்கும். தாய்ப்பால், இலைச்சாறு, நல்லெண்ணெய், தேன் ஆகியவற்றைக் காயம்பட்ட கண்ணில் விடுதலும் அத்தகையதே. இவை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும் கிருமிக்கே உணவாகும். அன்றியும், வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நாட்களை இவை விழுங்கிவிடும்.

முன்பு வேறொருவருக்குக் கொடுத்த துளிமருந்தைக் கண்ணில் விடுதல் மிகவும் கேடானது. சிவந்த கண்ணை விரைவில் வெளுக்கச் செய்யும் ஸ்டீரொயிட் கலந்த துளிமருந்துகள் உள்ளன. வைத்தியர் தக்க நோய்க்குத் தக்க அளவிற் கொடுக்கும்போது அவை பயனுள்ளவை. பங்கசுப் புண்ணுள்ள கண்ணில் அவற்றை விடுவதோ வைக்கோற் போரில் நெருப்பை இடுவதற்கு ஒப்பாகும். கண் வெளுக்கும், வலி சிறிது தணியும், உள்ளே பங்கசு தடையின்றி வளரும். ஆதலால் வைத்தியர் பார்க்காமல் எந்தத் துளிமருந்தையும் கடையில் வாங்கி விடலாகாது. திறந்து ஒரு மாதம் கடந்த துளிமருந்துப் போத்தலை எறிந்துவிடுக.

சோதனையின்போது வைத்தியர் விடும் விறைப்பு மருந்தினால் வலி உடனே மறையும். அம்மருந்தை வீட்டுக்குக் கேட்டல் ஆகாது. அதை அடிக்கடி விட்டால் கீறல் ஆறாது.

பீடைநாசினி, சுண்ணாம்பு, மரப்பால்

இம்மூன்றும் கண்ணிற் பட்டால், காத்திருக்கவேண்டிய கணம் ஒன்றேனும் இல்லை. அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே கழுவுதல் வேண்டும். துரும்புக்குச் சுத்தமான நீரைத் தேடலாம்; நஞ்சுக்கோ அருகிற் கிடைக்கும் நீரில் ஒப்பீட்டளவிற் சுத்தமானதைக் கொண்டு உடனே தொடங்குக. இமைகளை விரலாற் பிரித்துப் பிடித்து, மூக்கின் பக்கத்திலிருந்து காதின் பக்கமாக நீர் ஓடும்படி 20 நிமிடத்துக்குக் குறையாமற் கழுவுக. இவ்வாறு செய்தால் நஞ்சு மற்றக் கண்ணுக்குப் பாயாது. 20 நிமிடம் என்பது கழுவுவோருக்கு நீண்டதாகத் தோன்றும். ஆதலால் மணிக்கூட்டைப் பார்த்தே நிறுத்துக. பின்னர், மருந்தின் போத்தலையோ அதன் மேலுள்ள விபரத்தாளையோ எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க.

பூச்சிகளுக்குத் தெளிக்கும் நஞ்சுகள் சில கண்ணினூடாக உடலுக்குள்ளும் செல்லக்கூடியன. கண்மணி சிறுத்தல், பார்வை மங்கல், தலைவலி, வியர்வை, வாந்தி ஆகியவை தோன்றினால் நஞ்சு உடலிற் பரவிற்று என்று கொள்க. நஞ்சு பட்ட உடைகளைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

மண்ணின் புளிப்பைப் போக்க இடும் சுண்ணாம்பும், போடோக் கலவைக்கு நீற்றும் சுண்ணாம்பும், வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பும் கண்ணுக்கு மிகக் கொடியவை. அமிலம் பட்ட இடத்தில் தோன்றும் கேடு பெரும்பாலும் அவ்விடத்தோடு நிற்கும். சுண்ணாம்பின் காரமோ படலத்தைக் கரைத்துக்கொண்டு உள்ளே செல்லும். இமைக்குள் ஒரு துணுக்கு எஞ்சியிருப்பினும் எரிப்பு ஓயாது. ஆகவே, இமையின் உட்புறத்துத் துணுக்குகளை நனைத்த பஞ்சினால் நீக்கிக்கொண்டே கழுவுதல் வேண்டும். காரத்தை முறிக்கலாம் என்றெண்ணித் தேசிக்காய்ச் சாற்றை விடுவது இருமடங்கு கேட்டை விளைக்கும். சுண்ணாம்பு டப்பியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்தல் பெற்றோரின் கடமை.

வேலி கதியால் வெட்டும்போது கள்ளிப்பாலும் எருக்கலம்பாலும் கண்ணில் தெறிப்பதுண்டு. எருக்கலம்பால் தொடக்கத்தில் வலியின்றியே பார்வையை மங்கச் செய்யலாம். வலி இல்லை என்பதற்காக அதனைப் புறக்கணித்தல் ஆகாது. இதற்கும் மேற்கூறியவாறே கழுவி, அன்றே வைத்தியரைக் காண்க.

இயந்திரத்தினால் உண்டாகும் காயம்

புல்வெட்டும் இயந்திரத்தின் அலகு கல்லிற் பட்டுச் சிதறும்போதும், மண்வெட்டியையும் கத்தியையும் அடித்துச் சீர்செய்யும்போதும் சிறு இரும்புத் துணுக்கு துப்பாக்கிச் சன்னம் போலக் கண்ணைத் துளைக்கும். துளை மிகச் சிறிதாகையால் வெளியிற் காயம் தெரியாமலும் இருக்கலாம். பார்வை குறைந்தாலும், கண்மணி வட்டம் மாறி நீண்டு தோன்றினாலும், கண்ணிலிருந்து நீர் போன்ற திரவம் கசிந்தாலும் கண் துளைபட்டது என்றே கருதுக.

துளைபட்ட கண்ணைக் கழுவலாகாது, அழுத்தலாகாது, குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கலாகாது, களிம்பு இடலாகாது. சுத்தமான ஒரு கடதாசிக் கிண்ணத்தைக் கண்ணைத் தொடாதவாறு கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பின்மேற் பொருந்த வைத்து, பட்டையால் ஒட்டி, உடனே கண் சிகிச்சைப் பிரிவுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. வாகனம் இல்லாதவிடத்து 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

இமையில் உண்டாகும் நோய்கள்

கண்கட்டி: இமைமயிரின் அடியில் உள்ள சிறு சுரப்பியிற் கிருமி புகுவதால் சிவந்து வலிக்கும் கட்டி தோன்றும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கத்தக்க சூட்டில், 5 முதல் 10 நிமிடம் வரை இமையின்மேல் வைக்கவேண்டும். நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை இவ்வாறு செய்தால் பெரும்பாலும் ஒரு கிழமையளவில் கட்டி உடைந்து ஆறும். கட்டியை நசுக்குதலும் ஊசியாற் குத்துதலும் கூடாது. முழு இமையும் வீங்கிக் காய்ச்சல் கண்டாலும், கண்ணை அசைக்க வலித்தாலும், பார்வை குறைந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. குழந்தைகளிடத்து இது மிகவும் அவசரமானது. கண்கட்டி அடிக்கடி வருமாயின் இரத்தத்திற் சீனியின் அளவைச் சோதிப்பித்தல் நன்று. வலியில்லாத கட்டி ஒரு மாதத்தின் பின்னும் கரையாதிருந்தாலும், முதியோரின் இமைக்கட்டியில் இரத்தம் கசிந்தாலும், அவ்விடத்து மயிர் உதிர்ந்தாலும் வைத்தியரைக் காணல் வேண்டும்.

இமைவிளிம்பு அழற்சி: இமைமயிரின் அடியில் செதில் போன்ற பொருக்கு ஒட்டி, காலையில் இமைகள் எரியும். வெந்நீர்த் துணியை வைத்த பின்னர், கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினால் விளிம்பை நாள்தோறும் துடைத்துவரின் இது அடங்கியிருக்கும். இமைமயிர் உட்புறம் வளைந்து கருவிழியை உராயுமாயின் வைத்தியரிடம் செல்க, அவ்வுராய்வும் கீறலே.

வண்டினால் உண்டாகும் எரிகொப்புளம்: செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி அமைந்த, எறும்பு போல நீண்ட சிறு வண்டொன்று நெல்வயல்களில் வாழ்கின்றது. இது கபிலநிறத் தத்தி முதலிய பீடைகளை உண்பதாற் கமக்காரருக்கு நண்பனாகும். இது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால், இரவில் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வந்து உடலின்மேல் அமரும்போது அதை நசுக்கினால், அதன் உடற்சாறு தோலைப் பொசுக்கும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்தே எரிச்சலும் கொப்புளமும் தோன்றுவதால் காரணம் விளங்குவதில்லை. அக்கையினாற் கண்ணைத் தொட்டால் இமை வீங்கிக் கண்ணும் சிவக்கும். இவ்வண்டை நசுக்காது ஊதி அகற்றுக. தவறி நசுக்கினால் அவ்விடத்தையும் கையையும் சவர்க்காரமிட்டு உடனே கழுவுக. கண்ணினுள் வலியோ மங்கலோ உண்டாயின் வைத்தியரைக் காண்க.

இமை கிழிந்தால், சிறப்பாக மூக்கையொட்டிய மூலையிற் கிழிந்தால், கண்ணீர் வடியும் குழாயும் அறுந்திருக்கலாம். தாமதியாது வைத்தியசாலையில் தைப்பித்தல் வேண்டும்.

தொற்றும் கண்நோய்

ஊரிற் பலருக்கு ஒரே காலத்தில் வரும் கண்நோயில் கண் சிவக்கும், மண் விழுந்தது போல உறுத்தும், பீளை தள்ளும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் வைரசினால் வரும் இந்நோய் ஒன்று அல்லது இரண்டு கிழமையில் தானே மாறும். கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினாற் பீளையைத் துடைத்து, அப்பஞ்சை எரித்துவிடுக. நோயுற்றவரின் துவாய், தலையணை உறை, சால்வை ஆகியவற்றை ஏனையோர் பயன்படுத்தலாகாது. கையை அடிக்கடி கழுவுதலே இந்நோய்க்குச் சிறந்த தடை.

இந்நோயிற் பீளையைத் துடைத்தபின் பார்வை தெளிவாக இருக்கும். தெளியாவிட்டாலும், வலி கடுமையாக இருந்தாலும், வெளிச்சம் கூசினாலும் அது சாதாரண கண்நோய் அன்று. ஒரு கண் மாத்திரம் சிவந்து வலிப்பின், அண்மையிற் கண்ணில் ஏதேனும் பட்டதா என்று நினைந்து பார்த்தல் வேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் கண்ணிற் பீளை தள்ளினால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

மெல்ல வளரும் நோய்கள்

வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் பல்லாண்டு வேலைசெய்வோருக்கு மூக்கின் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதுண்டு. இது புற்றுநோயன்று. கண்மணியை நெருங்குமுன் வைத்தியரிடம் காட்டினாற் போதும். நாற்பது வயதளவில் வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். முதுமையில் வரும் கண்புரை சத்திரசிகிச்சையாற் குணமாகும். எந்தத் துளிமருந்தும் இலைச்சாறும் அதனைக் கரைக்கமாட்டா. நீரிழிவுள்ளோர் பார்வை நன்றாயிருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதிப்பித்தல் வேண்டும்.

ஒரு கண் மங்கினால் மற்றக் கண் அதை மறைத்துவிடும். ஆதலால் மாதத்துக்கு ஒரு நாள், தூரத்திலுள்ள ஒரு தென்னையின் ஓலைகளை முதலில் ஒரு கண்ணை மூடியும் பின்னர் மற்றக் கண்ணை மூடியும் பார்க்குக. இரண்டும் ஒத்திராவிட்டால் வைத்தியரைக் காண்க.

எப்போது செல்லவேண்டும்?

உடனே செல்லவேண்டியவை: கண் துளைபடல், நஞ்சு, சுண்ணாம்பு, மரப்பால் ஆகியன படல் (இவற்றுக்குக் கழுவிய பின்னர்), திடீரெனப் பார்வை போதல், கண்ணின்முன் மின்னல் போன்ற ஒளியோ கரிய திரையோ தோன்றல், தலைவலி, வாந்தி என்பவற்றோடு கண் கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிதல்.

அன்றே செல்லவேண்டியவை: கழுவியும் நீங்காத உறுத்தல், பயிரின் உறுப்புக் குத்திய கண்ணிற் சிவப்பும் கூச்சமும், கருவிழியில் வெண்புள்ளி, காய்ச்சலோடு கூடிய இமைவீக்கம், சிசுவின் கண்ணிற் பீளை.

அடுத்த சில கிழமைகளிற் செல்லத்தக்கவை: கரையாத இமைக்கட்டி, வளரும் சதை, மெல்ல மங்கும் பார்வை.

முதலில் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லலாம். அங்கிருந்து வேண்டுமாயின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய போதனா வைத்தியசாலைகளிலும் கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலையிலும் கண் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. கண்ணிற் பட்டது நெற்கூரா, மண்ணா, இரும்பா என்பதையும், பட்ட நேரத்தையும், அதன் பின்னர் கண்ணில் விட்ட பொருள்களையும் மறையாது கூறுக. இலைச்சாறு விட்டதை வெட்கத்தால் மறைப்பின் மருந்து தெரிவு செய்தல் கடினமாகும்.

வருமுன் காத்தல்

அரிவுவெட்டு, சூடடித்தல், தூற்றல், புல்வெட்டல், நஞ்சு தெளித்தல் ஆகிய வேலைகளிற் பக்கமும் மூடிய தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடியை அணிக. ஒரு சோடிக் கண்ணாடியின் விலை ஒரு நாட் கூலியை விடக் குறைந்ததே. வியர்வையால் மங்கும்போது வரம்புக்கு வந்து துடைத்து மீண்டும் அணியலாம். தூற்றுபவர் காற்று வரும் பக்கத்தில் நிற்க, பதர் அப்பாற் பறக்கும். தெளிப்பவரும் காற்று முதுகிற் படும்படியே நடத்தல் வேண்டும். அடைபட்ட தெளிகுழாயை முகத்துக்கு நேரே பிடித்துத் திருகலாகாது. வேலைத்தலத்துக்கு ஒரு கலன் சுத்தமான நீரைக் கண் கழுவுவதற்கென்றே கொண்டு செல்க. வியர்வை துடைக்கும் சால்வையாற் கண்ணைத் துடையாதிருத்தலும், மிளகாய் பறித்த கையைக் கழுவாமற் கண்ணைத் தொடாதிருத்தலும் நல்ல பழக்கங்கள். அகன்ற விளிம்புத் தொப்பி வெயிலையும் தூசியையும் ஓரளவு தடுக்கும்.

இழந்த பார்வையை மீட்பதற்கும் வழி உண்டு. இறந்தோர் தானம் செய்த கருவிழிப் படலத்தை மாற்றிப் பொருத்தலாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கத்தினால் இந்நாட்டிலும் பிற நாடுகளிலும் பலர் பார்வை பெற்றனர். ஆயினும், பொருத்திய படலம் இயற்கைப் படலத்துக்கு ஈடாகாது. பங்கசுப் புண்ணுள்ள கண்ணிற் பொருத்திய படலம் பழுதாதலும் உண்டு. ஒரு கண்ணிழந்தவருக்கு வரப்பின் அகலமும், கத்தியின் தூரமும், உழவு இயந்திரத்தின் திருப்பமும் சரியாகத் தெரிவதில்லை. அவருடைய இழப்பை முழுக் குடும்பமும் சுமக்கவேண்டியதாகின்றது.

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்பர். கண் கெடுவதற்கு முன்னுள்ள காலம் பெரும்பாலும் ஒரு நாளே. கூர் பட்ட கண்ணைக் கசக்காதீர், கழுவுங்கள், உறுத்தல் நீங்காவிடின் அன்றைய பொழுது சாயுமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். அறுத்த நெல் ஒரு நாள் களத்திற் காத்திருக்கும். கீறுபட்ட கண் காத்திராது.